முதல் ஞாயிற்றுச் சாட்சி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மகளும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்கு எழுது. சளி விட்டதா? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நாலு 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்திலாவது வாயைத் திறப்பாய் என்று பேனாவை எடுத்தேன்.

நேற்று முதல் ஞாயிறு. இவளை உங்கள் மார்மன் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் பெண்டாட்டி கண்ணை மூடுவதற்கு முன்னால் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அது ஒன்றுதானே. "அண்ணி, ஞாயித்துக்கிழமை மட்டும் இவளை விட்டுடாதீங்க." நான் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேனே. ஒரு வருஷமாகப் பின் வரிசையில் உட்கார்ந்ததில் பாட்டெல்லாம் எனக்கே மனப்பாடம்.

மற்ற ஞாயிறுகளில் யாராவது பேசுகிறார்கள், நான் அரைக்கண் மூடிக்கொள்கிறேன். முதல் ஞாயிறு அப்படி இல்லை. முந்தின சாயங்காலத்திலிருந்து எல்லோரும் பட்டினி. ரொட்டித் துண்டும் தண்ணீரும் சுற்றி வந்ததும் மைக்கைச் சபைக்கு விட்டுவிடுகிறார்கள். யாருக்கு மனசில் படுகிறதோ அவர் எழுந்து போய்ச் சாட்சி சொல்லலாம். உனக்குத் தெரியாததா? பத்து வருஷம் அந்த மைக்குக்குச் சொந்தக்காரன் மாதிரி நின்றவன் நீ. "எனக்குத் தெரியும்" என்று நீ ஆரம்பித்தாலே முன் வரிசைப் பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்களாம், இன்னும் சொல்கிறார்கள்.

நேற்று நாலு வயசுப் பொடிசு ஒன்று மேடை ஏறியது. அவள் அம்மா காதில் ஓதிக்கொடுக்க, "இந்தச் சபை உண்மைன்னு எனக்குத் தெரியும், எங்க அம்மாவ எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்குது, ஆமென்" என்றது. கூடமே சிரித்தது. என் வயிறும் நேரம் பார்த்து உறுமி வைத்தது.

இவள் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளையா நாம் வாயாடி என்று கூப்பிட்டோம்? இப்போது நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் பெரிசு.

கடல் கடந்து போனாயே, அங்கே உங்கள் சபை இருக்கிறதா? போகிறாயா? எழுது.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் வாயாடியும் நலமாயிருக்க வேண்டும். சளி போய்விட்டது, இருமல் மட்டும் விடமாட்டேன் என்கிறது.

வேலை பழகிவிட்டது. மீன் பதப்படுத்தும் ஆலையில் குளிர்சாதன இயந்திரங்கள் என் பொறுப்பு. மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு இயந்திரத்திலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். அம்மோனியா வாடை சட்டையை விட்டுப் போவதே இல்லை. சபைக் கட்டுப்பாட்டால் டீ, காபி குடிக்காத ஆள் என்பதால் எனக்கு இங்கே 'பச்சைத்தண்ணி' என்று பெயர். தங்கியிருப்பது இரண்டாவது மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான். அதற்கென்ன, வெளிச்சம் வருகிறது.

சபை இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே ஒரு வாடகை அறை. பதினான்கு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். வருகிறவர்கள் நல்ல மனுஷர்கள். ஞாயிறுகள் எப்படியோ போய்விடுகின்றன.

வாயாடி மேடைக்குப் போனால் எனக்கு எழுது. என்ன சொன்னாள் என்று அப்படியே எழுது.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

இருமலுக்கு மருந்து வாங்கிக் குடி. சட்டை பண்ணாமல் விட்டுவிடுவது உன் பழக்கம்.

இவள் இந்த முதல் ஞாயிறும் எழுந்திருக்கவில்லை. ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாதத்துக்கு ஒரு நாள் உபவாசம் என்றுதானே உங்கள் கணக்கு? இவள் எல்லா ஞாயிறும் இருக்கிறாள். இப்போது புதன்கிழமையும் சேர்ந்துகொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. நாள் பூராவும் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை, கண் இருட்டினால் விரல் போய்விடாதா? கேட்டால், "சபையில உள்ளதுதான அத்தை" என்று அடக்கிவிடுகிறாள். சபைத் தலைவரிடமே கேட்டேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இல்லையா, இன்னும் எல்லோரையும் "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க" என்று நாற்காலிகளில் நிரப்பிக்கொண்டிருக்கிறார். "நாங்க அப்படிச் சொல்லலையேம்மா, உடம்பு முடியாதவங்க இருக்கவே கூடாது" என்று பதறிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நான் துணி தைக்கிற அறைக்கு நேர் எதிரே எடை பார்க்கிற மெஷின். ஒரு நாள் கிழிந்த போர்வைகளைத் தூக்க வேண்டும் என்று வரச்சொல்லி, ஏமாற்றி அதில் ஏற்றினேன். நாற்பத்தொரு கிலோ.

நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அப்பன் எழுத்தைப் பார்த்தாலாவது ஒரு பிடி சோறு இறங்கும்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஆலையில் ஓர் இயந்திரம் பழுது, அதனால் தாமதம். உள்ளே ஒரு தாள் வாயாடிக்கு வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு.

நாற்பத்தொன்று சரியான எடைதானா? மெஷின் பழசாக இருக்கலாம்.

தம்பி

(உள்ளே)

அன்பு மகளுக்கு, அப்பா நலம். இங்கே குளிர் குறைந்துவிட்டது. புறாக்கள் ஜன்னல் விளிம்பில் கூடு கட்டியிருக்கின்றன. அத்தை சொல்வதைக் கேள். நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா.


மே 13

தம்பிக்கு,

இங்கே நலம். உன் தாளைப் படித்தாள். மடித்து வேத புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நானாக இருந்தால் புறாவைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் சபைத் தலைவரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். ரொம்ப நேரம் இருந்தார்கள். நல்ல மனுஷர்கள் என்று நீ எழுதுவாயே, நிஜமாகவே நல்ல மனுஷர்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் பெண்டாட்டிக்கு முந்தின வருஷம் செப்டம்பரில் ஆபரேஷன் தேதி வாங்கினேனே, வார்டு சிஸ்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்தத் தேதியை வேண்டாம் என்று சொன்னது யார்? அவளா, நீயா? அன்றைக்கு நான் கேட்கவில்லை. வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது யார் கேட்பார்கள்? இப்போது கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 17

தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சரி, நானே சொல்கிறேன். போன கடிதத்தில் மறைத்தேன். கடல் கடந்து இருக்கிறவன் மனசை ஏன் உடைக்க வேண்டும் என்று நினைத்தேன். இனி மறைத்தால் இவள் எனக்குக் கிடைக்க மாட்டாள்.

மே மாதம் முதல் ஞாயிறு இவள் எழுந்து மேடைக்குப் போனாள். முன் வரிசையில் எல்லோருக்கும் சந்தோஷம், "அப்பா மாதிரியே நடக்குறா பாரு" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அப்படியே எழுது என்றாயே, எழுதுகிறேன்.

"எல்லாரும் இங்க வந்து எனக்குத் தெரியும்னு சொல்றீங்க. எனக்கும் ஒண்ணு தெரியும். எங்கம்மா இதே இடத்துல நின்னு, 'என் தலையில கை வச்சு ஆசீர்வாதம் சொன்னாங்க, கர்த்தர் எனக்கு வாக்குக் கொடுத்துட்டார், என் பொண்ணு கல்யாணத்தை நான் பார்ப்பேன்'னு சொன்னாங்க. 'எங்க வீட்டுல மூணு பேரும் எனக்காக உபவாசம் இருக்கோம்'னும் சொன்னாங்க. நான் இருக்கல. சனிக்கிழமை சாயங்காலம் கடையில ரெண்டு பிஸ்கட் தின்னுட்டேன். பசி தாங்கல. அம்மா மூணு பேர்னு சொன்னப்போ வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த வாக்கு உடைஞ்சது என்னாலதான். அது எனக்குத் தெரியும்."

'ஆமென்' சொல்லாமல் அப்படியே நின்றாள். சபைத் தலைவர் எழுந்து பக்கத்தில் போய் நின்றார். "அப்படி இல்லம்மா, தேவன் அப்படிப்பட்டவர் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். இவள் காதில் ஏறவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இறக்கினேன்.

ரெண்டு பிஸ்கட், தம்பி. ஒன்றரை வருஷமாக இவள் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். பத்தொன்பது வயசு.

போன செவ்வாய் கடையில் மயங்கி விழுந்துவிட்டாள். இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில், என் தையல் அறைக்கு இரண்டு மாடி மேலே. குளுக்கோஸ் ஏறுகிறது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுல என்ன பிரச்சினை?" என்று கேட்டார்.

இவள் உன் மகள். பதில் போடு.

அக்கா


ஜூலை 1

அக்கா,

அவள் எப்படி இருக்கிறாள்? எழுந்து உட்கார்கிறாளா?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தேதியை வேண்டாம் என்று போன் செய்தது அவள். பக்கத்தில் நின்றது நான்.

எங்கள் சபையில் உடம்பு சரியில்லாதவர் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, கை வைத்து ஆசீர்வாதம் சொல்வோம். அது உனக்குத் தெரியும். சொல்கிறவன் தன் வார்த்தையைச் சொல்லக் கூடாது. மனசில் என்ன தரப்படுகிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். ஒன்றும் தரப்படாவிட்டால், தேவன் உன்னை நேசிக்கிறார் என்று மட்டும் சொல்லி முடித்துவிட வேண்டும். நானே பத்து பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைவரும் நானும் கை வைத்தோம். நான்தான் பேசினேன். எனக்கு ஒன்றும் வரவில்லை, அக்கா. காத்திருந்தேன். சுவர்க் கடிகாரம்தான் கேட்டது. அவள் தோள் என் கைக்குக் கீழே நடுங்கியது. அந்த நடுக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. "உன் மகளை மணப்பெண்ணாக உன் கையால் அலங்கரிப்பாய்" என்று சொல்லிவிட்டேன். அது என் ஆசை. தேவன் பெயரைப் போட்டுச் சொல்லிவிட்டேன். நடுக்கம் நின்றது.

மறுநாள் காலையில், "வாக்கு கிடைச்சாச்சு, இனி கத்தி எதுக்கு?" என்றாள். தலைவர் கூட, "ஆபரேஷனையும் பண்ணிக்கோங்கம்மா, டாக்டரும் தேவன் கொடுத்ததுதான்" என்று சொன்னார். அவள் சிரித்தாள். "இவர் சொன்னது உங்க காதுல விழலையா?" என்றாள். போனை எடுத்தாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அது நான் சொன்னது, அவர் சொன்னது இல்ல.' அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் ஞாயிறு. அவள் மேடையில் ஏறிச் சாட்சி சொன்னாள். வாயாடி எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரே பெஞ்சில் இரண்டு பேர்.

போன வருஷம் ஜனவரியில் அவள் போன பிறகு டாக்டர் சொன்னார், செப்டம்பரில் வந்திருந்தால் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது என்று. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சம்பளத்துக்கு இல்லை.

இங்கே சபைக்கும் போவதில்லை. பதினான்கு நாற்காலி என்று எழுதியது முதல் வாரம் எண்ணியது. ரொட்டி வருவதற்கு முன்னால் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு தெருவின் எதிர்ச் சாரியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவளுக்கு மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தான்.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கஞ்சி குடிக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு நின்றால்தான்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் உன்னைத் திட்ட வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. ஒரு போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், ஊசி உடைகிற வரைக்கும் திட்டினேன். மாடியில் என் மருமகள் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருக்கிறாள், நீ உன் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி எனக்கு எழுதுகிறாய்.

காட்ட மாட்டேன். உனக்காக இல்லை. இதை அத்தை வாயிலிருந்தும் அத்தை கையிலிருந்தும் அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. நீ எழுது. புறாவைப் பற்றி இல்லை.

அவளுக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான் என்று எழுதியிருக்கிறாயே. அப்படியென்றால் நான் யார்?

அக்கா


ஆகஸ்ட் 5

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உட்கார்ந்து படி. அத்தை பக்கத்தில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு நான் சொன்ன ஆசீர்வாதம் தேவன் கொடுத்தது இல்லை. எனக்கு அன்றைக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. அம்மா பயந்தாள், அந்தப் பயத்தைப் பார்க்க முடியாமல் நானாகச் சொன்னேன். அவள் அதை நம்பி ஆபரேஷனை வேண்டாம் என்றாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆபரேஷன் நடந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வாய்ப்பை அவளிடமிருந்து எடுத்தது நான். நீ இல்லை.

வாக்கே இல்லாதபோது அது எப்படி உடையும்? நீ இரண்டு பிஸ்கட் தின்றாலும், இருபது தின்றாலும், நாற்பது நாள் பட்டினி கிடந்தாலும் அதில் ஒன்றும் மாறியிருக்காது. பசித்தது, தின்றாய். அவ்வளவுதான்.

இதை எழுதத் தைரியம் வர வேண்டும் என்று நேற்று இங்கே சபைக்குப் போனேன். முதல் ஞாயிறு. பத்துப் பதினோரு பேர். என்னை யாருக்கும் தெரியாது. கடைசியில் எழுந்தேன். 'எனக்குத் தெரியும்' என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. "நான் தேவன் பேரால ஒரு பொய் சொன்னேன், என் மனைவி அதை நம்பினா, செத்துட்டா. என் மகள் அவளாலதான்னு நினைச்சிக்கிட்டிருக்கா" என்றேன். அதற்கு மேல் ஓடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த டாக்சி டிரைவர் பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரிகிற மாதிரி நகர்த்திப் பிடித்தார். எனக்குப் பாட வரவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதையும் கேட்டு உன் தலையில் ஏற்றக் கூடாது. சாப்பிடும்மா. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

அப்பா


செப்டம்பர் 29

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஆகஸ்ட் 16-ம் தேதி வந்தது. இத்தனை நாளாகப் பதில் எழுதவில்லை. எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். நாலு தடவை.

படித்த அன்றைக்கு அழுகை வரவில்லை. கடைக்குப் போய் ஒரு நாள் பூராவும் லென்ஸ் தேய்த்தேன். மறுநாள் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்தபோது, "இப்பத்தாம்மா கண்ணு தெரியுது" என்றார். உள்ளே ஓடிப்போய்க் கழுவுகிற தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன். முதலாளியம்மா வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

சாட்சி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னால் ஆறு மாதமாக அவள் அப்படிச் சிரிக்கவில்லை. அதை நான் ஞாபகம் வைத்திருந்தேன். இனி அதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. அதையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷம் என்மேல் மட்டும்தான் எனக்குக் கோபம். எழுந்திருக்கும்போது அதுதான், படுக்கும்போது அதுதான். இப்போது உங்கள்மேல் கோபம். ரொம்பக் கோபம். ஆனால் இதைச் சுமந்துகொண்டு நடக்க முடிகிறது. இரண்டு வேளை சாப்பிடுகிறேன். எடை நாற்பத்தாறு. அத்தை வாரம் தவறாமல் மெஷினில் ஏற்றுகிறாள்.

செப்டம்பர் முதல் ஞாயிறு அத்தையும் நானும் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் சபைக்குப் போனோம். தலைவரிடம் அத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டாள், "இவ சாப்பிட்டுட்டுத்தான் வருவா, ஏதும் சொல்லக் கூடாது" என்று. அவர் "நல்லது, உள்ளே நகருங்க" என்றார். மேடைக்குப் போகவில்லை. இனி போவேனா என்று தெரியாது.

நீங்கள் அந்த அறையில் எழுந்து நின்றதை நம்புகிறேன். அது எனக்குப் போதவில்லை. நீங்கள் நிற்க வேண்டிய இடம் இங்கே இருக்கிறது. அம்மாவுடைய அம்மாவும் அப்பாவும் இன்னும் வாக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நமக்கு விசுவாசம் பத்தல" என்று அழுகிறாள். அவர்களிடம் நான் சொல்ல மாட்டேன். அத்தையும் சொல்ல மாட்டாள்.

வருவதாக இருந்தால் தேதியை அத்தைக்கு எழுதுங்கள். எனக்கு இப்போதைக்கு எழுத வேண்டாம். அன்றைக்கு அத்தைக்கு வேலை இருந்தால், கதவை நான் திறப்பேன்.

இப்படிக்கு,
மகள்